ராஜஸ்ரீ சேர்த்த மூன்று கட்டங்கள்

ராஜஸ்ரீ சேச்சி யாரையும் நம்பமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்ததே அந்தக் குணத்தால்தான்.

கரமனை அக்ரஹாரத்தில் வீடு. வயது ஐம்பத்திரண்டு. காலையில் பஸ் ஏறி டிக்கெட் வாங்கியதும் அதில் அச்சாகியிருக்கும் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். கண்டக்டர் தேதியை மாற்றி உங்களுக்கு என்ன துரோகம் செய்துவிட முடியும் என்று ஒருநாள் கேட்டேன். "அது எனக்குத் தெரியாது மைதீன். பாக்கறதுலே எனக்கென்ன நஷ்டம்?" என்றார். கணவர் சுந்தரராமன் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால், யார் யார் வந்திருந்தார்கள் என்று அவரிடம் கேட்பதோடு நிறுத்தமாட்டாராம். பெண் வீட்டுக்குப் போன் போட்டு இன்னொரு முறை கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாராம். அந்த மனிதரே சிரித்துக்கொண்டு சொன்னது.

நான் தேங்காப்பட்டணத்துக்காரன். பதினோரு வருடமாக அவருக்கு அடுத்த மேஜை. சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. பல்லுயிர்த் தகவல் இணைப்பு மையம் என்பது எங்கள் அலுவலகத்தின் பெயர். பெயரைப் பார்த்து யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தைக்காட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் மூன்று அறைகள், அதில் ஒன்று ஒழுகும். தெற்கு மலைகளில் என்னென்ன செடி, என்னென்ன பூச்சி இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்யும் அமைப்புகள் மூன்று: ஒரு கல்லூரி, ஒரு அறக்கட்டளை, ஒரு புகைப்படச் சங்கம். மூன்றுக்கும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. நேரடியாகப் பேசினால் சண்டை வரும் என்பதால் நடுவில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் போய்வரும் கடிதங்களை எழுதுவது என் வேலை. மூவரும் அனுப்பும் பட்டியல்களை ஒன்றாகச் சேர்ப்பது ராஜஸ்ரீ சேச்சியின் வேலை.

சேர்ப்பது என்றால் கூட்டிப் போடுவது இல்லை. அறக்கட்டளை ஆள் மலையில் ஒரு செடியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அதே செடியின் கிளை ஒன்றைக் கல்லூரி காயவைத்து அட்டையில் ஒட்டியிருக்கும். அதே செடியைச் சங்கத்துக்காரர் படம் எடுத்திருப்பார். மூன்று பட்டியலையும் அப்படியே கூட்டினால் ஒரு செடி மூன்று செடியாகிவிடும். அரிய செடி என்றால் அது எவ்வளவு பெரிய பொய்! சேச்சி தேதியைப் பார்ப்பார், கூடப் போனவர் பெயரைப் பார்ப்பார், பூவில் இருக்கும் இதழ் கிழிசலைக்கூடப் படத்தில் பார்ப்பார். "ரெண்டு பேரும் ஒரே மழையிலே நனைஞ்சிண்டு ஒரே செடியைப் பாத்திருக்கா. ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்காத மாதிரி எழுதியிருக்கா. எனக்கு அப்பவே சந்தேகமாக்கும்" என்று ஆரம்பித்தால், சாயங்காலத்துக்குள் மூன்று வரியும் ஒரே வரியாகி, ஒற்றை எண் ஒன்று விழுந்திருக்கும். அப்படி நாலாயிரத்துச் சொச்சம் எண்கள். அந்த நாலாயிரமும் சேச்சியின் சந்தேகத்தில் விளைந்தவை.

அரிய செடிகள் நிற்கும் இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது மூன்று அமைப்புகளும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். எதை மறைப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. ஆறு கூட்டம் நடந்தது. ஆறிலும் பருப்புவடை தீர்ந்ததே தவிர முடிவு வரவில்லை. கடைசியில், ஒவ்வொரு எண்ணுக்கும் இணையத்தில் வெளியாகும் பொதுப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்தோம். அவரவர் கட்டம் அவரவர் பொறுப்பு. அடுத்தவர் கட்டத்தில் யாரும் கை வைக்கக்கூடாது, எங்கள் மையம் உட்பட. அந்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவன் நான். நல்ல ஏற்பாடு என்றுதான் அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

பொன்முடி மலையில் மட்டும் பதிவான ஒரு ஆர்க்கிட் செடி உண்டு. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். போன ஜூலையில் சங்கத்துக்காரர் ஒருவர் படம் எடுக்கப் போனபோது செடிகளைக் காணவில்லை. செடி நின்ற இடத்தில் இருபத்தேழு குழிகள் இருந்தன. வேரோடு நோண்டி, ஒன்றுவிடாமல் அள்ளிப்போயிருந்தார்கள்.

அடுத்த வாரமே அவசரக் கூட்டம். கல்லூரி சங்கத்தைப் பார்த்தது, சங்கம் அறக்கட்டளையைப் பார்த்தது, அறக்கட்டளை எங்களைப் பார்த்தது. பிரணவ் எங்கள் ஒருங்கிணைப்பாளர். கழக்கூட்டம் மென்பொருள் பூங்காவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற சாது. அவர் பொதுப் பக்கத்தைத் திரையில் காட்டி, ஒவ்வொருவராகத் தங்கள் கட்டத்தைச் சரிபார்க்கச் சொன்னார். கல்லூரி தன் கட்டத்தைப் பார்த்தது: வரைபட எண்கள் இல்லை. அறக்கட்டளை பார்த்தது: ஊர்ப் பெயர் இல்லை. சங்கம் பார்த்தது: இரண்டுமே இல்லை. "எங்கள் கட்டம் சுத்தம்" என்று மூன்று பேரும் சொன்னார்கள், நான் மூன்று முறை எழுதிக்கொண்டேன்.

அப்படியானால் இடம் தெரிந்த யாரோ ஒரு ஆள்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க ராஜஸ்ரீ சேச்சியை விட்டால் யார் இருக்கிறார்கள்? மூவரும் அவரைத்தான் கேட்டார்கள். சேச்சிக்கு அதில் பெருமை இருந்தது, நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

இடத்தை நேரில் பார்த்தவர்கள் மூன்றே பேர். கல்லூரிப் பேராசிரியருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, மலை ஏற முடியாது. சங்கத்துக்காரர்தான் திருட்டைச் சொன்னவரே. ஆனாலும் சேச்சி அவரை நாலு நாள் விடாமல் குடைந்தார். மூன்றாவது ஆள் தங்கபாண்டி. பொன்முடி எஸ்டேட் லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்தவர். அப்பா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். அறக்கட்டளைக்கு மலையில் வழிகாட்டுவதும், கண்டதைப் படிவத்தில் எழுதி அனுப்புவதும் அவர் வேலை. நிரந்தர வேலை இல்லை.

சேச்சி அவருடைய இரண்டு வருடப் படிவங்களையும், எஸ்டேட் சோதனைச் சாவடியில் அவர் கையெழுத்துப் போட்ட ஏட்டின் நகலையும் வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"மைதீன், இதைப் பாரு. ஏப்ரல் பதினாலு மேலே போயிருக்கான், படிவம் இருக்கு. பதினாறாம் தேதி திரும்பப் போயிருக்கான். சாவடியிலே கையெழுத்து இருக்கு, படிவம் இல்லை. எதுக்குப் போனான்?"

"வேற ஏதாவது வேலையா இருக்கும் சேச்சி."

"வேற வேலைன்னா எழுதியிருக்கணுமே. எழுதாதவனை எனக்கு நம்பப் பிடிக்காது."

அவர் குறிப்பு எழுதித் தந்தார், நான் கடிதமாக்கினேன். 'மேற்படி களப்பணியாளரின் பதிவு செய்யப்படாத பயணம் சந்தேகத்துக்கு இடமளிப்பதாக மையம் கருதுகிறது.' இந்த வாக்கியம் என்னுடையது. எழுதி முடித்ததும் இன்னொரு முறை வாசித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். கடிதம் போன நாலாம் நாள் அறக்கட்டளை தங்கபாண்டியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பத்து நாள் கழித்து அவரே எங்கள் மாடிக்கு வந்தார். நாற்பதுக்குள் வயது. தேய்த்த சட்டை, கையில் ஈரக் குடை. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒங்க கடுதாசியிலதான் வேலை போச்சுன்னு சொன்னாங்க. எழுதுனது ஆரு?"

நான் ஒரு கோப்பைப் புரட்ட ஆரம்பித்தேன். கடிதத்தில் 'மையம்' என்றுதானே இருக்கிறது என்ற ஒரு கேவலமான தைரியம் எனக்கு. சேச்சி எழுந்து நின்றார்.

"நான்தான். பதினாறாம் தேதி எதுக்கு மேலே போனே? அதைச் சொல்லு."

"முள்ளு வெட்டிப் போடப் போனேன் மேடம். படம் எடுக்க வந்தவரு நடந்து நடந்து தடம் விழுந்துட்டு. வேற எவனும் அது வழியா எறங்கிறப்படாதுன்னு அடைச்சுட்டு வந்தேன்."

"படிவத்திலே எழுதலையே?"

"முள்ளு போட்டதுக்கு ஒங்க ஃபாரத்துல எடம் எங்க இருக்கு? செடிக்கு இருக்கு, பூச்சிக்கு இருக்கு."

சேச்சி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தங்கபாண்டிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க மூணு பேரத் தவிர வேற ஆருக்கும் அந்த எடம் தெரியாதுன்னு நீங்க எப்படி மேடம் முடிவு பண்ணுனீங்க? அத மட்டும் சொல்லுங்க, நான் போறேன்" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சேச்சி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு நிஜமாகவே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சேச்சி வேறு வேலையைத் தொடவில்லை. திரையில் அந்தச் செடியின் பக்கத்தையே திறந்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மைதீன், நீ பொன்முடிக்குப் போயிருக்கியோ?"

"கல்யாணம் ஆன வருஷம் ஒரு தடவ. மேல நின்னு போட்டோ எடுத்துட்டு எறங்கிட்டோம்."

"செடியைப் பத்தி ஏதாவது தெரியுமோ?"

"முருங்கைக்கும் அகத்திக்கும் வித்தியாசம் தெரியும்."

"அது போறும். வேற எதையும் பாக்காதே. இந்தப் பக்கத்தை மட்டும் படி. போனிலே மேப் இருக்கோல்லியோ? அந்த இடம் எங்கேன்னு எனக்குக் கண்டுபிடிச்சுக் குடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தைப் படித்தேன். கல்லூரியின் கட்டத்தில் வரைபட எண் இல்லை. ஆனால் பொன்முடி எஸ்டேட்டின் மேல் டிவிஷன் என்று இருந்தது. டிவிஷன் பெரியது, யார் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறார்கள். அறக்கட்டளையின் கட்டத்தில் ஊர் இல்லை, டிவிஷன் இல்லை. கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர் என்று உயரம் மட்டும் இருந்தது. அந்த உயரத்தில் எத்தனையோ மலைகள். சங்கத்தின் கட்டத்தில் எதுவுமே இல்லை. படத்தின் அடியில் 'ஓடைக் கரை, வடக்குப் பார்த்த பாறையின் நிழலில்' என்று அழகுக்கு ஒரு வரி.

மேல் டிவிஷனில் ஓடைகள் இரண்டுதான் ஓடுகின்றன. ஒன்று அந்த உயரத்துக்கு இறங்குவதற்குள் டிவிஷனைத் தாண்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஓடையில், அந்த உயரத்தில், வடக்குப் பார்த்த பாறை செயற்கைக்கோள் படத்தில் ஒன்றே ஒன்று. எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதில் பத்து நிமிடம் சாயா குடித்தேன்.

போனை நீட்டினேன். சேச்சி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தனித்தனியா இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லை. மூணையும் பிடிச்சு ஒரே நம்பர்லே கட்டினது நானாக்கும்" என்றார்.

"இது சரியான எடமான்னு இன்னும் தெரியாது சேச்சி" என்றேன், ஆறுதலுக்கு.

"அப்போ போய்ப் பாப்போம்."

சனிக்கிழமை தம்பானூர் நிலையத்திலிருந்து பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் சேச்சி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். எஸ்டேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்தபடி நான் முன்னால் நடந்தேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாறைக்கு முன்னால் நின்றோம். குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. நான் எண்ணவில்லை, சேச்சி எண்ணினார். இருபத்தேழு.

ஓடைக்கு இறங்கும் தடத்தின் ஓரத்தில் காய்ந்த முட்கொப்புகள் குவியலாகக் கிடந்தன. அரிவாளால் வெட்டியவை. யாரோ அவற்றை ஒருபக்கமாக இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள். சேச்சி குனிந்து ஒரு கொப்பின் வெட்டு வாயைத் தொட்டுப் பார்த்தார். விரலில் முள் குத்தி ரத்தம் வந்தது. "அவன் சொன்னது நெஜம் மைதீன். நான் நம்பலை. அவன் மூஞ்சிக்கு நேரா நின்னுண்டு நம்பலை" என்று சொல்லி அங்கேயே ஈரப் பாறையில் உட்கார்ந்து அழுதார். பதினோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் கடிதத்தில் எழுதிய வாக்கியத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை சேச்சி பிரணவின் பக்கத்தில் நின்றுகொண்டு, அரிய செடிகள் அத்தனையின் பக்கங்களையும் பொதுப் பார்வையிலிருந்து எடுக்க வைத்தார். ஆர்க்கிட்டின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்றும் கேட்டார். பிரணவ் கணக்கைத் திறந்து காட்டினார். எங்கள் பக்கங்களை மாதம் பத்துப் பேர் பார்த்தாலே அதிகம். இந்த ஒன்றை மட்டும் மே மாதத்தில் முந்நூறு தடவை திறந்திருந்தார்கள். ஜூன் கூட்டத்தில் அவர் அந்தக் கணக்கை வரைபடமாகவே காட்டியிருந்தார். மக்களிடம் ஆர்வம் வளர்கிறது என்று எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன்.

மறுபடி கூட்டம். சேச்சி மூன்று கட்டங்களையும் ஒரே தாளில் அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தான் செய்தது என்ன என்பதை ஒளிக்காமல் சொன்னார். மூவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கல்லூரிக்காரர், "அப்படியானால் எங்கள் கட்டத்தில் மட்டும் பார்த்தால் தவறு இல்லை, அல்லவா?" என்று கேட்டார். மற்ற இருவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவின் மூடி உடைந்தது.

தங்கபாண்டியின் விஷயம் கடைசியில் வந்தது. அறக்கட்டளைக்காரர் எங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அவர் திருடினார் என்று இதில் எங்கும் இல்லையே. சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்றுதானே இருக்கிறது? திரும்பப் பெறுவதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ எதுக்கு அவனை நிறுத்தினேள்?" என்றார் சேச்சி. குரல் கூட்ட அறையைத் தாண்டிக் கேட்டிருக்கும். "இந்தக் கடுதாசியைப் பாத்துதானே நிறுத்தினேள்? எழுதினவ நான். தப்புன்னு சொல்றவளும் நான்." என் பக்கம் திரும்பினார். "எழுது மைதீன். 'மையம் கருதுகிறது'ன்னு போடாதே. ராஜஸ்ரீ தப்புப் பண்ணினாள்னு என் பேரைப் போட்டு எழுது."

எழுதினேன். கீழே என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். சேச்சி அதைப் பார்த்தார். வெளியிடுவதற்கு முன்னால் மூன்று கட்டங்களையும் சேர்த்து ஒருவர் பார்க்க வேண்டும் என்ற அவருடைய யோசனை ஒரு துணைக்குழுவுக்குப் போனது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. ஆனால் தங்கபாண்டியை அடுத்த மாதம் முதல் வேலைக்கு எடுத்துக்கொள்ள அறக்கட்டளை ஒத்துக்கொண்டது.

கடிதத்தைத் தபாலில் அனுப்ப சேச்சிக்கு மனம் வரவில்லை. மறுபடி பொன்முடிக்குப் போனோம். லைன் வீட்டில் தங்கபாண்டியின் மனைவி ஆவுடைத்தாய் இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டு, பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. முகத்தில் சிரிப்பும் வைக்கவில்லை.

தங்கபாண்டி கடிதத்தை நிதானமாக இரண்டு முறை வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு மடித்தார்.

"மொதக் கடுதாசி வந்தன்னைக்கு லைன்ல அத்தன பேரும் எங்க வாசல்ல வந்து எட்டிப் பாத்தாங்க. இதுக்கு ஆரு வருவா மேடம்?" என்று கேட்டார் ஆவுடைத்தாய்.

சேச்சி எழுந்து நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். லைனில் பதினாலு வீடுகள். இரண்டு வீடு பூட்டியிருந்தது. மற்ற பன்னிரண்டிலும், தப்புச் செய்தவள் நான் என்று படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

தங்கபாண்டி எங்களை பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டார். பஸ்ஸின் சத்தம் கீழ் வளைவில் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தச் செடி வேற ரெண்டு எடத்துல நிக்கி மேடம். எனக்குத் தெரியும்."

சேச்சி அவரை நேராகப் பார்த்தார். உலகத்தில் இருபத்தேழோடு முடிந்தது என்று நாங்கள் எழுதி வைத்திருந்த செடி அது. சேச்சியின் கண் நிறைந்துவிட்டது.

"சொல்லாதீங்கோ தங்கபாண்டி. யார்கிட்டேயும் சொல்லாதீங்கோ. என்கிட்டேயும் வேண்டாம்."

"நான் ஒங்ககிட்டச் சொல்லுறதா இல்லையே மேடம்" என்றார் தங்கபாண்டி. கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்திக் கொடுத்துவிட்டு, நாங்கள் ஏறி உட்காரும் வரைக்கும்கூட நிற்காமல் திரும்பி நடந்தார்.